தண்ணீரை மட்டும் விடுகிற படலம்

மார்ச் 4

வணக்கம்.

இதற்கு மேல் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. உன் அண்ணனை நச்சரித்து முகவரி வாங்கினேன். அவரைத் திட்டாதே. மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மனிதர் முழிக்கிறார்.

வேலை விஷயமாக மட்டும் எழுதுகிறேன். ஜனவரியில் நீ ஆய்வகத்தை விட்டுப் போன பிறகு, நம் கட்டுரையில் எழுதியிருக்கிறபடியே பதினோரு முறை படலம் செய்து பார்த்துவிட்டேன். அதே பாலிமர் தூள், இழைகளைக் கோத்துப் பிடிக்கிற அதே ரசாயனம், அதே கண்ணாடித் தகடு. நூற்றைம்பது டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. சோதனைக் கலத்தில் பொருத்தி ஒரு பக்கம் தண்ணீர் கலந்த ஆல்கஹாலை ஊற்றி, மறுபக்கம் பம்பைப் போட்டு உறிஞ்சினால் சாயம் வெளுத்துவிடுகிறது. தண்ணீர் மட்டும் வர வேண்டிய இடத்தில் ஆல்கஹாலும் சேர்ந்து வருகிறது. படலம் ஊறி உப்பிப் போகிறது. நம் கட்டுரைப்படி செய்து பார்த்துவிட்டு, வரவில்லை என்று பத்திரிகைக்குப் புகார் எழுதிய தொழிற்சாலைக்காரர்களுக்கு என்ன நடந்ததோ அதேதான் எனக்கும் நடக்கிறது.

ஆய்வுப் பத்திரிகை ஆசிரியர் மே 15 வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் சரியான விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். கட்டுரை போனால் என் பட்டமும் போயிற்று. ஆறு வருடம். நம் பேராசிரியரிடம் கேட்டால் வழக்கம்போல "பார்க்கலாம்" என்கிறார்.

ஜனவரியில் எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை. நான் பிரசவ விடுப்பில் இருந்தபோது நீ செய்த ஏழாம் தொகுதியை எப்படிச் செய்தாய்? நோட்டில் எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால் சொல். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் அண்ணி


மார்ச் 12

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

"அண்ணி" என்று எழுதவே கை கூசுகிறது. கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துக் காப்பி அடித்தவள் நீ. என் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் வந்த பதவி இது. உலகத்தில் அண்ணியும் நாத்தனாரும் நகைக்கும் நட்டுக்கும் அடித்துக்கொள்வார்கள். நாம் ஒரு முழ பாலிமர் தாளுக்காக அடித்துக்கொண்டோம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படி. நான் பார்க்காத எண் எதையும் அதில் எழுதவில்லை. "நம்பரெல்லாம் மெஷின் காட்டினதா, நீயே எழுதினதா?" என்று எட்டுப் பேர் முன்னால் கேட்டாயே, அதற்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்று எழுதுகிறேன். எல்லாம் மெஷின் காட்டியதுதான்.

இங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஒருமுறை பயன்படுத்திய ஆல்கஹாலைத் திரும்பச் சுத்தம் செய்கிற பிரிவு. ஒரு பொறி பட்டால் எல்லாரும் புகைதான் என்று போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். என் மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அவரிடம் நம் வேலையைப் பற்றிச் சொன்னேன். "எங்க டவர்ல கொதிக்க வெச்சுப் பிரிச்சா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சோட நின்னுடுது. மிச்ச அஞ்சு தண்ணி உடும்பு மாதிரி ஒட்டிக்குது. அதை ஒரு தாளு பிரிச்சிடுமாம்மா?" என்று சிரித்தார். பிரிக்கும், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் நம்பினார். என்னோடு பதினைந்து வருடம் பழகியவள் நம்பவில்லை.

குட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அண்ணன் சொல்லிக்கொள்வான்.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை


மார்ச் 23

அடியே வாலு,

உன் "மதிப்புக்குரிய"வைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன். இப்போது அந்தக் கோபம் இல்லை. காரணம் சொல்கிறேன்.

நேற்று பழைய பம்பின் கையேட்டைத் தேடி அலமாரியைக் குடைந்தேன். அடியில் மூடி இறுக்கிய ஒரு டப்பா. உள்ளே உள்ளங்கை அளவு படலத் துண்டு, மேலே உன் கோழிக் கிறுக்கலில் "7". ஏழாம் தொகுதியின் மூன்று தகடும் சோதனையிலேயே தீர்ந்துவிட்டன என்றல்லவா நினைத்திருந்தேன்! சின்னக் கலத்தை எடுத்துக் கழுவி அதில் பொருத்தினேன். நாலு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. குளிர்க்குழாயில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்ததை எடுத்து அளந்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தண்ணீர். கட்டுரைக்கு நீ கொடுத்த அதே எண்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நீ பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அப்படி ஒரு நிம்மதி. மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அடுத்த நிமிடமே வெட்கம் பிடுங்கித் தின்றது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசிவிட்டேன். எட்டுப் பேர் முன்னால் கேட்டதை அதே எட்டுப் பேர் முன்னால் இன்று காலை திருப்பி எடுத்துக்கொண்டேன். "என் நாத்தனார் எழுதினது அத்தனையும் நிஜம், நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்" என்றேன். பேராசிரியர்கூட "பார்க்கலாம்" சொல்லாமல் தலையாட்டினார். உன்னிடமும் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

ஆனால் தலைவலி தீரவில்லை. படலம் நிஜம் என்றால் செய்முறையில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பழைய துண்டு வெளிர் மஞ்சளாக இருக்கிறது, நான் செய்தவை கண்ணாடி மாதிரி இருக்கின்றன. வைத்து வைத்து மஞ்சளானதா, செய்தபோதே அந்த நிறமா? என்னுடையதில் ஒரு துண்டும் பழையதில் நகத்தளவும் இதோடு வைத்திருக்கிறேன். உனக்குத் தோன்றுவதை எழுது.

குட்டிக்கு நாலு பல் வந்துவிட்டது. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உன்,
ஹெட்மாஸ்டர்


ஏப்ரல் 2

ஹெட்மாஸ்டருக்கு,

நீ மன்னிப்புக் கேட்ட கடிதத்தைப் ஒரு வாரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான் நடந்தது. "எழுதினது அத்தனையும் நிஜம்" என்று எட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டாயே, அந்த "அத்தனையும்" என்னைத் தூங்கவிடவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அது செய்தபோதே மஞ்சள்தான்.

போன வருடம் ஏப்ரலில் அந்தச் சனிக்கிழமை. ஆய்வகத்தில் நான் மட்டும்தான். மூன்று தகட்டையும் ஓவனில் வைத்து நோட்டில் எழுதினேன்: "உள்ளே 10.40, வெளியே 11.40." ஆமாம், இரண்டையும் சேர்த்தேதான் எழுதினேன். எப்போதும் அப்படித்தான் எழுதுவேன். ஒரு மணி நேரத்தில் எப்படியும் எடுக்கத்தானே போகிறோம், அதற்கு ஒருமுறை பேனா மூடியைத் திறப்பானேன் என்ற சோம்பேறித்தனம். அந்த ஓவனில் டைமர் கெட்டுப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது உனக்கே தெரியும்.

கால் மணி நேரத்தில் உன் போன் வந்தது. "வலி வந்துடுச்சுடி, உங்கண்ணன் ஊர்ல இல்ல, சீக்கிரம் வா." அதற்கப்புறம் எனக்கு ஓவனும் தெரியாது, உலகமும் தெரியாது. ஆட்டோவில் உன்னை ஏற்றி, மருத்துவமனைப் படிவத்தில் கண்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, நீ என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்ததில் வளையல் உடைந்து... அதெல்லாம் உனக்கு நினைவிருக்காது. உன் மகள் முதல் கத்தல் கத்தினாள் பார், அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயோ, அணைக்கலையே!" என்று நானும் சேர்ந்து கத்தினேன்.

ஓடி வந்து பார்த்தால் மூன்று தகடும் மஞ்சள் பூத்துக் கிடந்தன. பக்கத்து மேஜையில் ஐந்து லிட்டர் ஆல்கஹால். அதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் தூள் தீர்ந்துவிட்டது, புதிது வர ஒரு மாதம் ஆகும். போனால் போகட்டும் என்று திங்கட்கிழமை கலத்தில் பொருத்தினேன். மற்றது உனக்குத் தெரியும். தண்ணீர் கொஞ்சம் மெதுவாக வந்தது, ஆனால் தண்ணீர் மட்டும் வந்தது.

அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ தையல் வலியோடு படுத்திருந்தாய். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அடுத்த வாரம் நீ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் நோட்டைப் பார்த்துக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டாய். "11.40" என்று அதில் நீல மசியில் உட்கார்ந்திருந்தது. தள்ளத் தள்ள வாய் ஒட்டிக்கொண்டது. ஜனவரியில் நீ கேட்டபோது எண்களைப் பற்றித்தான் கேட்டாய். எண்கள் நிஜம், அதனால் கோபப்பட எனக்கு உரிமை இருந்தது. ஆனால் பொய் பக்கத்து வரியிலேயே இருந்தது. அதனால்தான் பதில் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. நாலா, ஐந்தா, ஆறா? கடிகாரம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

இனி நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

வாலு


ஏப்ரல் 9

அடிப்பாவி,

முதலில் திட்டிவிடுகிறேன். ஓவனை ஐந்து மணி நேரம் தனியாக விட்டாயா! கட்டிடமே பறந்திருக்கும். நேரத்தை முன்கூட்டியே எழுதுகிறவளை என்ன செய்வது? உன் சாவுச் சான்றிதழையும் இப்போதே எழுதி வைத்திருப்பாய் போல. இதை நான் ஒரு மணி நேரம் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். உன் அண்ணன் பொறுக்க முடியாமல் எழுந்து போய்விட்டார்.

திட்டி முடித்தாயிற்று. அப்புறம் அழுதேன். "அணைக்கலையே" என்று நீ கத்தியது என் காதிலும் விழுந்தது. வீட்டில் ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியதில்தான் அந்த நேரம் தப்பாயிற்று என்று தெரியாமல், உன்னையே நடுக்கூடத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டேனே. வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எத்தனை மணி நேரம் என்று தெரியாது என்கிறாய். எனக்குத் தெரியும். பெட்டியிலிருந்து மருத்துவமனைக் காகிதங்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். என்னைச் சேர்த்தது 11.25. குழந்தை பிறந்தது 2.52. குழந்தையைச் சொந்தக்காரரிடம் கொடுத்தது 3.10, பக்கத்தில் உன் கையெழுத்து. ஆக 3.10 வரை நீ அங்கேதான் இருந்தாய். அங்கிருந்து கிளம்பி ஓவன் கதவைத் திறக்கிற வரை என்ன நடந்தது என்று மட்டும் யோசித்து எழுது. ஒவ்வொரு நிமிடமும் வேண்டும்.

ஹெட்மாஸ்டர்


ஏப்ரல் 14

ஹெட்மாஸ்டருக்கு,

ஓவன் நினைவு வந்தும் உடனே ஓடாமல் 3.10 வரை நின்றேன் பார்த்தாயா? குழந்தையைக் கையில் வாங்காமல் எப்படி ஓடுவது? "என்னம்மா, எதையோ அணைக்கலைன்னு கத்தினீங்க, இப்போ இங்கேயே நிக்கிறீங்க?" என்று நர்ஸ் கேட்டார். "எரிஞ்சா எரியட்டும், முதல்ல கொடுங்க" என்றேன். ஒரு நிமிடம் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் ஆட்டோ. பாலத்தடியில் நெரிசல், அரை மணி நேரம் என்று வை. ஆய்வக வாசலில் காவலாளி விடவில்லை. அடையாள அட்டையை உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். "கார்டு இல்லாம யாரையும் விடக் கூடாதுன்னு ஆர்டர்" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். தினமும் வணக்கம் சொல்கிற மனிதர்! ஐந்து நிமிடம் கெஞ்சினேன், ஐந்து நிமிடம் சண்டை போட்டேன். ஓவன் கதவைத் திறந்தபோது எதிர்ப்பக்க அச்சகத்தில் நாலு மணிச் சங்கு ஊதவில்லை. தகடுகளை எடுத்து மேஜையில் அடுக்கி முடித்தபோது ஊதியது. அது நன்றாக நினைவிருக்கிறது.

அப்படியானால் 3.55. ஐந்தேகால் மணி நேரம். சரியா?

வாலு


ஏப்ரல் 29

வாலு,

சரி! சரி! சரி!

மூன்று, நாலு, ஐந்தேகால், ஆறரை என்று நாலு விதமாகச் செய்தேன். ஓவன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. மூன்றும் நாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின, ஆனாலும் ஆல்கஹால் கசிந்தது. ஆறரை மணித் தகடு பழுப்பாகி, பிரிக்கும்போதே விரிசல் விட்டது. ஐந்தேகால் வெளிர் மஞ்சள். கலத்தில் போட்டேன். தொண்ணூற்றொன்பது. இன்னொரு தகடு போட்டேன். தொண்ணூற்றொன்பது. அத்தனை நேரச் சூட்டில் இழைகள் நெருங்கி இறுகிவிடுகின்றன, ஊறி உப்புவதற்கு இடம் கொடுப்பதில்லை. இப்போது யோசித்தால் பளிச்சென்று புரிகிறது. அப்போது நம் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

புகார் சொன்ன தொழிற்சாலைக்கும் எழுதினேன். அவர்களும் ஐந்தேகால் மணி வைத்துப் பார்த்துவிட்டு "வருகிறது" என்று பதில் போட்டுவிட்டார்கள். நேற்று நான் சாப்பிட்டேன், வாலு. பசித்துச் சாப்பிட்டேன். எத்தனை மாதம் ஆயிற்று என்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. பத்திரிகைக்கு விளக்கம் எழுத வேண்டும். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அச்சுப் பிழைன்னு ஒரே வரியில போட்டுடும்மா. ஒண்ணுக்குப் பதிலா அஞ்சேகால். யாரு நோண்டிப் பார்க்கப் போறாங்க?" என்றார். உண்மையை எழுதினால், நேரத்தை முன்கூட்டியே எழுதியவள் என்று உன் பெயர் அச்சில் வரும். உன் வேலைக்கும் ஆபத்து வரலாம். கட்டுரையையே தள்ளினாலும் தள்ளலாம். உன்னை ஒருமுறை ஊர் முன்னால் நிறுத்தியது போதும். உனக்காக அச்சுப் பிழை என்றே எழுதிவிடுகிறேன். தாள் தயார். சம்மதம் என்று ஒரு வரி போடு.

ஹெட்மாஸ்டர்


மே 4

ஹெட்மாஸ்டருக்கு,

சம்மதம் இல்லை.

அச்சகத்துக்காரன் என்ன பாவம் செய்தான்? பிழை என்னுடையது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஒரு வருடம் நான் பட்டது போதும். இப்போது நீயும் வந்து ஆளுக்குப் பாதி மறைக்கலாம் என்கிறாய். நம் இரண்டு பேருக்கும் மறுபடி ஒரு ரகசியம் வேண்டாம். அடுத்த சண்டைக்கு அதுவே விதையாகும்.

உன் கடிதம் வந்த அன்றே மேற்பார்வையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போனால் இன்றே போகட்டும் என்றுதான் போனேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். அப்புறம் டவர் பதிவேட்டை என் கையில் கொடுத்து, "இனிமே இதை நீதான்மா எழுதணும். சூடு பட்டவங்க கையில இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்ல அழுகைதான், பயப்படாதே.

நடந்ததை நடந்தபடி எழுது. என் பெயரைப் போட்டே எழுது. உன் பட்டம் போய்விடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. போனால் இன்னொரு கட்டுரை எழுதலாம். நான் வந்து தகடு வார்க்கிறேன், நீ நேரத்தை எழுது.

வாலு


மே 21

என் வாலுக்கு,

நீ சொன்னபடியே எழுதினேன். ஓவனில் வைத்த நேரத்திலேயே எடுக்கும் நேரத்தையும் எழுதியதை எழுதினேன். பாதியில் ஒரு பிரசவத்துக்கு ஓட வேண்டி வந்ததை எழுதினேன். நேரத்தை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதற்கு மருத்துவமனைக் காகிதத்தின் நகலையும் வைத்தேன். கீழே இரண்டு பேர் பெயர். பேராசிரியர் முழுவதையும் படித்தார். "இதைவிட ஒழுங்கா யாரும் எழுத முடியாது" என்று அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பதினான்காம் தேதி அனுப்பினேன். ஒரு வாரம் தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் போய் நின்றேன். இன்று பதில் வந்துவிட்டது. கட்டுரை நிற்கிறது! திருத்தத்தை அடுத்த இதழில் போடுகிறார்கள். பட்டத்துக்கான தேர்வு ஜூலையில். உன் அண்ணன் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, நின்றுகொண்டே இரண்டு முறை படித்துவிட்டு, "அப்பாடா, இனிமே ரெண்டு பேரும் என்னை விட்டுடுவீங்கள்ல?" என்றார்.

நீ போனபோது குட்டிக்கு உட்காரத்தான் தெரியும். இப்போது சுவரைப் பிடிக்காமல் ஏழெட்டு அடி நடக்கிறாள். புது ஆட்களைப் பார்த்தால் அழுகிறாள். உன்னைப் பார்த்தும் அழுவாளோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆசிரியரின் கடிதம் முழுக்க மொட மொட என்று அலுவலக நடைதான். கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "குழந்தை நலம்தானே?"

மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். அந்த வரிக்கு மட்டும் எழுதவில்லை. அவளை முதலில் கையில் வாங்கியவள் நீ. வந்து தூக்கிப் பார்த்துவிட்டு, பார்த்ததை நீயே எழுது.

உன்,
அண்ணி